ஃபயர்மேன் – உலையாளர்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்பு நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். நீராவி இன்ஜின் ஒன்று மூச்சு வாங்கியபடி மேட்டில் ஏறுகிறது. 'தீயணைப்பு வீரர் கரியை வாரி வாரிப் போட்டார்' என்று ஒரு வரி. அணைக்க வந்தவர் எதற்குக் கரியை வாரிப் போடுகிறார் என்று மொழிபெயர்த்தவரும் கேட்கவில்லை, பிழை திருத்தியவரும் கேட்கவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஃபயர்மேன் என்ற சொல்லுக்குத் தமிழ் தேடினால் முதலில் கையில் அகப்படுவது தீயணைப்பு வீரர்தான்.

ஆங்கிலச் சொல்லைப் பிரித்தால் 'நெருப்பு ஆள்', அவ்வளவுதான். நெருப்பை அவர் என்ன செய்கிறார் என்பது அதில் இல்லை. வீடு பற்றிக்கொண்டால் ஓடி வருபவரும் ஃபயர்மேன், ரயில் இன்ஜினிலும் கப்பலிலும் ஆலைக் கொதிகலனிலும் நெருப்பு தணியாமல் பார்த்துக்கொள்பவரும் ஃபயர்மேன். தமிழ் முதல் ஆளுக்கு 'அணைப்பு' என்ற வினையையும் சேர்த்துப் பெயர் வைத்துவிட்டது. இரண்டாம் ஆள் பெயரில்லாமல் நிற்கிறார்.

ஜெர்மன்காரர்களுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. இன்ஜினில் இருப்பவர் ஹைட்சர், அதாவது சூடேற்றுபவர். பிரெஞ்சுச் சொல் இன்னும் சுவையானது: ஷோஃபர். சூடாக்குதல் என்ற வினையிலிருந்து பிறந்து, கொதிகலனுக்குத் தீ வளர்த்தவரைக் குறித்த பெயர் அது. தொடக்ககாலக் கார்களில் சில நீராவியால் ஓடியதால் அவற்றை ஓட்டியவருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெட்ரோல் வந்த பிறகும் உதிரவில்லை. ரயிலில் ஓட்டாதவரின் பெயர் சாலையில் ஓட்டுபவரின் பெயராகிவிட்டது. ஆங்கிலத்தில் இவருக்கு இன்னொரு பெயர் ஸ்டோக்கர். அது டச்சு மொழியிலிருந்து வந்தது. ஸ்டோக் என்ற வினையை ஆங்கிலேயர் அந்தப் பெயரிலிருந்து பிறகுதான் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்க ரயில்வேயில் ஸ்டோக்கர் என்றால் பெரும்பாலும் ஆள் அல்ல, திருகுத் தண்டால் கரியைத் தள்ளிக் கொடுக்கும் இயந்திரம். மொழிபெயர்ப்பவர்கள் இங்கேயும் கால் இடறலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கரி அள்ளிப் போடுபவர்' என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி வேலை. சொல்லப்போனால் எளிய பாதி. பெரிய விரைவு இன்ஜினின் டெண்டரில், அதாவது பின்னால் இணைந்து கரியையும் தண்ணீரையும் சுமக்கும் வண்டியில், 8, 9 டன் நிலக்கரி இருக்கும். ஆடும் தளத்தில் நின்றுகொண்டு அதை வாரிப் போடுவதற்கு உடம்பு வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் எங்கே போடுவது, எப்போது போடுவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போட வேண்டும். ஒரேயடியாகக் குவித்தால் நெருப்பு மூச்சுத் திணறும், புகைபோக்கியில் கரும்புகை கிளம்பும். கரும்புகை என்றால் எரியாமல் போன கரி, அதாவது வீணான உழைப்பு. வெள்ளை நெருப்பின் ஒளியில் எரியறைக்குள் எதுவும் தெரியாது. அனுபவப்பட்டவர் மண்வாரியின் அலகைக் கதவு வழியே உள்ளே நீட்டிச் சற்றே திருப்புவார். அலகில் பட்டு உள்ளே வளையும் காற்று தீ நாக்குகளை ஒதுக்கிவிடும். நெருப்புப் படுகையில் எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்பது அந்த ஒரு கணத்தில் தெரியும். அடுத்த வாரல் அங்கே போகும்.

(எரியறை என்று நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஃபயர்பாக்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தால் 'தீப்பெட்டி' என்று வந்துவிடும்.)

'தீ மூட்டுபவர்' என்ற சொல்லும் உலவுகிறது. அது பொருந்தாது, ஏனென்றால் அது வேறொருவரின் வேலை. குளிர்ந்து கிடக்கும் பெரிய இன்ஜினில் நீராவி எழுப்பப் பல மணி நேரம் பிடிக்கும். ஓட்டுநரும் ஃபயர்மேனும் வருவதற்கு வெகுநேரம் முன்பே, நள்ளிரவிலேயே, இன்ஜின்களை நிறுத்திப் பராமரிக்கும் லோகோ ஷெட்டில் அதற்கென்று இருந்த ஆட்கள் தீ மூட்டிவிடுவார்கள். பயணம் முடிந்து திரும்பும் இன்ஜினைச் சாம்பல் குழியின் மேல் நிறுத்தி, கண்ணாடிபோல் உருகி இறுகிய கசடை உடைத்துத் தள்ளி, நெருப்பை இறக்குவதற்கும் தனி ஆட்கள் இருந்தார்கள். பிரிட்டிஷ் ஷெட்களில் பையன்கள் முதலில் இன்ஜின் துடைக்கும் வேலையில்தான் சேர்ந்தார்கள். துடைத்துத் துடைத்துப் பல ஆண்டுகள் கழித்து ஃபயர்மேன், இன்னும் பல ஆண்டுகள் கழித்து ஓட்டுநர். மூட்டியவருக்கும் இறக்கியவருக்கும் நடுவில் நெருப்பைக் காத்தவர்தான் நாம் பெயர் தேடும் ஆள்.

காப்பது என்றால் தீயோம்புநர் என்று சொல்லலாமே என்பார்கள். அழகான சொல்தான். ஆனால் அதில் வேள்விப் புகையின் வாசம் அடிக்கிறது, கரிப்புகையின் வாசம் இல்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதில் தண்ணீர் இல்லை.

ஃபயர்மேனின் முதல் கவலை நெருப்பு அல்ல, தண்ணீர். எரியறையின் கூரைத் தகட்டுக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அது வற்றினால் தகடு பழுத்து இளகும், உள்ளே அடைந்திருக்கும் அழுத்தம் அதைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். அதற்குமுன் எச்சரிக்கத்தான் அந்தக் கூரையில் ஈயம் வைத்த அடைப்பு ஒன்று இருக்கிறது. தண்ணீர் இறங்கினால் ஈயம் உருகி நீராவி நெருப்பின் மேல் பீறிடும். தண்ணீர் மட்டத்தைக் காட்டுவது ஓட்டுநர் அறையில் உள்ள கண்ணாடிக் குழாய். மேடு ஏறும்போது தண்ணீர் பின்பக்கம் சாய்வதால் குழாய் நிறையக் காட்டும். உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் அதே தண்ணீர் முன்பக்கம் ஓடிவிடும், குழாயில் மட்டம் சரசரவென்று விழும். உச்சிக்கு முன்பே இதைக் கணக்கிட்டிருக்க வேண்டும். தண்ணீரை முன்கூட்டியே விட்டுவைக்கலாமே என்றால், அது கொதிகலனைக் குளிர்வித்து அழுத்தத்தைக் குறைக்கும். ஏறும் இன்ஜின் களைத்துப்போகும். தண்ணீர் விடுவதற்குப் பயன்படுவது இன்ஜெக்டர், பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஷிஃபார் 1858இல் காப்புரிமை பெற்றது. கொதிகலனின் நீராவியைக் கொண்டே அதே கொதிகலனுக்குள் தண்ணீரைத் தள்ளும் அந்த வித்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத்தான்.

ஆக, நெருப்பையும் தண்ணீரையும் சேர்த்துச் சொல்லும் ஒரு சொல் வேண்டும். அது நம்மிடம் இருக்கிறது: உலை.

கொல்லனின் நெருப்புக் களமும் உலை, அடுப்பில் ஏற்றிக் கொதிக்கும் நீரும் உலை. 'உலை கொதிக்கிறது' என்கிறபோது நாம் நீரைச் சொல்கிறோம், 'கொல்லன் உலை' என்கிறபோது நெருப்பைச் சொல்கிறோம். குறுந்தொகையின் 172ஆம் பாடலில் 'உலைவாங்கு மிதிதோல்' வருகிறது: ஏழூருக்குப் பொதுவான ஓர் உலையில், ஓய்வில்லாமல் மிதிபடும் துருத்தி. நீராவி இன்ஜினுக்கும் துருத்தி உண்டு. உருளையில் வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே சீறிப் போகும்போது எரியறைக்குள் காற்றை இழுக்கிறது. 'குப் குப்' என்று நாம் கேட்பது அந்தச் சீறல்தான். ஸ்டீவன்சன்கள், தந்தையும் மகனும், 1829இல் உருவாக்கிய 'ராக்கெட்' என்ற இன்ஜினிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. இன்ஜின் எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவு நெருப்பு ஊதப்படும்.

அதனால் என் தேர்வு உலையாளர். ஊது உலை, அணு உலை என்று தொழில்நுட்பத் தமிழில் உலை இன்றும் உயிரோடு இருப்பதால் யாருக்கும் விளங்காமல் போகாது. எஃகு ஆலை நினைவுக்கு வரும் இடங்களில் இன்ஜின் உலையாளர் என்று அடைகொடுத்துக்கொள்ளலாம். ஓட்டுநருக்கு ஒப்ப உலைஞர் என்று சுருக்கவும் எண்ணினேன். உலைதல் என்றால் நிலைகுலைதல், சோர்தல் என்றும் பொருள் உண்டு. உலைஞர் என்றதும் சோர்ந்துபோனவர் என்று காதில் விழுகிறது. அதுவும் பொய்யில்லை. 1928இல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு 632 கிலோமீட்டர் நில்லாமல் ரயில் விட்டபோது, டெண்டரின் உள்ளே ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து அமைத்து, பாதி வழியில் இன்னொரு ஓட்டுநரையும் உலையாளரையும் அதன் வழியே அனுப்பினார்கள். ஆனாலும் தொழிலின் பெயரில் களைப்பை ஏற்ற எனக்கு மனமில்லை.

உலையாளர் தீ விபத்தை எதிர்கொள்ளவே மாட்டார் என்றும் சொல்லிவிட முடியாது. 1944 ஜூன் 2 அதிகாலை, இங்கிலாந்தின் சோஹம் நிலையத்தை நெருங்கிய, வெடிகுண்டுகள் ஏற்றிய சரக்கு ரயிலில், இன்ஜினை ஒட்டிய வேகன் தீப்பற்றியது. ஓட்டுநர் பெஞ்சமின் கிம்பர்ட் வண்டியை நிறுத்தினார். உலையாளர் ஜேம்ஸ் நைட்டால் இறங்கி, எரியும் வேகனுக்குப் பின்னால் இணைப்பைக் கழற்றிவிட்டு மீண்டும் ஏறிக்கொண்டார். இருவரும் அந்த ஒற்றை வேகனை மட்டும் ரயிலிலிருந்து விலக்கி இழுத்துச் சென்றபோது அது வெடித்தது. மற்ற வேகன்கள் வெடிக்கவில்லை, ஊரும் தப்பியது. நைட்டால் உயிரிழந்தார். இருவருக்கும் வீரத்துக்கான பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. இந்தச் செய்தியைத் தமிழில் எழுதுபவர் 'தீயணைப்பு வீரர் நைட்டால்' என்று எழுதினால், அவர் யார் என்பதே காணாமல் போய்விடும்.

உலையாளர் என்ற சொல் கைவிடும் இடமும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் டீசல் இன்ஜின்கள் வந்தபோது, 1937ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அவற்றிலும் ஃபயர்மேன்கள் அமர்ந்தார்கள். வாரிப் போடக் கரி இல்லை, மூட நெருப்புக் கதவு இல்லை. அந்த இருக்கைக்காகத் தொழிற்சங்கமும் ரயில் நிறுவனங்களும் 1970களின் தொடக்கம் வரை மல்லுக்கட்டின. அந்த ஆளைப் பற்றி எழுத நேர்ந்தால் நான் ஃபயர்மேன் என்றே விட்டுவிடுவேன். அங்கே உலையே இல்லை.