நேற்றுக் காலமை எத்தனை மணிக்கு எழும்பினீங்கள்?

கிளிநொச்சிப் பக்கம் உளவளத்துணையாளராக வேலைக்கு வந்த புதிதில் என் கையில் எப்போதும் ஒரு படிவம் இருக்கும். பெயர், வயது, கணவர் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா, காணாமல் போனாரா, எத்தனை தரம் இடம்பெயர்ந்தீர்கள், எந்த முகாமில் இருந்தீர்கள், பிறகு தொழில். அந்தக் கட்டத்துக்கு வந்தால் அநேகமாக எல்லாரிடமிருந்தும் ஒரே பதில்தான்: "ஒண்டுமில்லை மிஸ், சும்மா வீட்டிலதான்." நானும் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன்.

அப்படிக் கோடு இழுத்த ஒருவரை ஒரு மாசி மாதம் முறிகண்டிக்குக் கிட்ட ஏ9 வீதியோரத்தில் கண்டேன். அடுப்பில் பெரிய தாச்சி, தாச்சி நிறைய மணல், மணலுக்குள் கச்சான் (நிலக்கடலை). கொஞ்சம் கவனம் பிசகினாலும் அடியில் கிடப்பது கருகிவிடும் என்பதால் வலது கை அகப்பையை விடவே இல்லை, பஸ் வந்து நிற்கிற ஒவ்வொரு தரமும் இடது கையால் கச்சான் சரையை யன்னலுக்கு நீட்டி, காசை வாங்கி, மிச்சம் எண்ணிக் கொடுத்து, இடையில் பள்ளிக்கூடத்தால் வந்த மகளுக்கு "கறி மூடிக் கிடக்கு, போட்டுச் சாப்பிடு" என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டார். இது வேலை இல்லையா அக்கா என்று கேட்டேன். "இதென்ன வேலை மிஸ், பிள்ளையளுக்குச் சோறு போடத்தானே."

(இதில் வருகிறவர்களை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தப் பெண்கள் தங்கள் கதையைச் சொல்லாமல் இல்லை. சொல்லிச் சொல்லிக் களைத்தவர்கள். 2009 மே மாதம் யுத்தம் முடிந்த பிறகு மெனிக் பாம் முகாம் பதிவில் சொன்னார்கள், ஊர் திரும்பியபோது கிராம அலுவலரிடம் சொன்னார்கள், வீட்டுத்திட்டத்துக்குச் சொன்னார்கள், நிறுவனங்களுக்கும் ஆணைக்குழுக்களுக்கும் சொன்னார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் வந்த பிறகு அங்கேயும் சொன்னார்கள். எல்லா இடத்திலும் கேட்டது ஒரே கதை: யாரை இழந்தீர்கள், எங்கே, எப்போது. அதனால் அந்தக் கதை தேய்ந்து, பாடமாக்கியதுபோல ஆகிவிட்டது. எந்த வசனத்தில் குரல் தழுதழுக்கும் என்பதுகூடச் சிலருக்குப் பழக்கம். அது பொய் என்று சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுக்க வேண்டாம். கேட்டவர்களுக்கு எது தேவையோ அதை மட்டும் கொடுக்கப் பழகிவிட்டார்கள் என்றுதான் சொல்கிறேன். அவர்களுடைய மற்ற நாட்களை யாரும் கேட்கவே இல்லை.

எங்கள் துறையில் ஒரு காலத்தில் இருந்த நம்பிக்கை, நடந்ததை முழுக்கச் சொல்ல வைத்தால் பாரம் இறங்கிவிடும் என்பது. இப்போது அப்படிச் சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2011இல் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்றே சொல்கிறது. ஆனால் இன்னும் ஊருக்குள் வருகிற எத்தனையோ பேர், முதல் பத்து நிமிடத்திலேயே "கடைசி நாட்களைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று தொடங்கிவிடுகிறார்கள். சொல்லிவிட்டு அந்த அக்கா அன்றிரவு எப்படிப் படுப்பார் என்று யோசிப்பதில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வாகனத்தில் ஏறுகிறவருக்கு அது தெரியப்போவதும் இல்லை.

சரி, நான் என்ன செய்கிறேன்? இப்போது படிவத்தைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு "நேற்றுக் காலமை எத்தனை மணிக்கு எழும்பினீங்கள்?" என்று கேட்கிறேன். முதலில் சிரிப்பார்கள். பிறகு வரும்.

புதுக்குடியிருப்புப் பக்கத்து இளம் தாய் ஒருவர் சொன்னது இது. நாலு மணிக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, புட்டு அவித்து, மாமியாருக்கு மருந்து கொடுத்து, பிள்ளையை வெளிக்கிடுத்தி அம்மா வீட்டில் விட்டு, ஆறு மணிக்குக் காமன்ஸ் (ஆடைத் தொழிற்சாலை) பஸ்சுக்கு ஓடி, அங்கே டாகெட், அதாவது தைத்து முடிக்க வேண்டிய கணக்கு, முடியும்வரை மலகூடத்துக்குப் போக யோசித்து, அதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருந்து, இருட்டும்போது வந்து கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போதுதான் தன்னுடைய பெருவிரலில் ஊசி குத்தியதைக் கண்டாராம். யுத்தத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சலக்கடுப்பு ஏன் அடிக்கடி வருகிறது என்று மூன்று மாதமாக கிளினிக்கில் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர். யாராவது ஒருநாள் நிறுத்தி, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டிருந்தால் போதும்.

"நாரி (இடுப்பு) நோகுது", "நெஞ்சுக்க அடைக்குது", "பெருமூச்சா வருது", "ஒரே யோசினை". வன்னியில் துக்கத்துக்கும் களைப்புக்கும் பெண்கள் வைத்திருக்கிற சொற்கள் இவைதான். மனச்சோர்வு என்று யாரும் வந்து சொல்வதில்லை. இதைக் கேட்டதும் உடனே வலி மாத்திரை கொடுப்பதும் பிழை, எல்லாம் மனம்தான் என்று தட்டிக்கழிப்பதும் பிழை. நாரி உண்மையாகவே நோகும், இருபது வாளி தண்ணீர் இறைத்த நாரி அது.

உடம்பைப் பற்றிய கதையில் இன்னொன்று. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் வெல் வுமன் கிளினிக்கில் 35 வயதான பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இலவசம். மார்பு, பிரஷர், சீனி எல்லாம் பார்ப்பார்கள். கணவர் இல்லாத பெண்களை அங்கே அனுப்புவது பெரும்பாடு. ஏன் என்று எனக்குக் கனகாலம் விளங்கவில்லை. ஒரு அக்காதான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மனிசன் இல்லாதவள் அந்தக் கிளினிக்குக்கு ஏன் போறாள் எண்டு சனம் கதைக்கும் மிஸ்." பயப்பட வேண்டியது நோய்க்கு, சனத்துக்கு இல்லை என்று அறிவுரை சொல்வது சுலபம். நாங்கள் செய்தது வேறு. பக்கத்து வீட்டுக்காரிகள் ஐந்து பேரை ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போனோம். திரும்பி வரும்போது ஐஸ்கிறீம் குடித்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையில் இருந்து ஆட்கள் தாங்களாகவே போகிறார்கள்.

கூட்டத்தில் பேச வைப்பது தனிக் கதை. பொதுநோக்கு மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாகப் போட்டு, பெரிய தாளும் மார்க்கர் பேனையும் வைத்துக்கொண்டு "உங்கள் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று நான் கேட்டபோது ஒரு ஈ கூட அசையவில்லை. கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் ஐயா வேறு, உதவிக்கு என்று வந்து வட்டத்தில் ஒரு கதிரையில் இருந்தார். இன்னொரு நாள் மாதர் சங்கத்துக்காரர் கடைக்குக் கொடுக்கக் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார்கள், நானும் சுளகடியில் குந்தினேன். கை வேலையில் இருந்தது, கண் ஒருவரை ஒருவர் பார்க்கத் தேவையில்லை, வாய் தானாகத் திறந்தது. பொட்டைப் பற்றிய கதை அன்றுதான் வந்தது.

கணவரைத் தேடிக்கொண்டிருக்கிற ஒருவர் சொன்னார்: பொட்டு வைத்தால் "யாருக்கு வைக்கிறாள்" என்கிறார்கள், அழித்தால் "அப்ப ஆள் செத்திட்டார் எண்டு நீயே முடிவு கட்டிட்டாய்" என்று மாமி அழுகிறார். அதனால் வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று. கலியாண வீட்டுக்குப் போவதே இல்லை. பக்கத்தில் இருந்த இன்னொருவர், விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து புனர்வாழ்வு முடித்து வந்தவர், தன் கையில் உள்ள காயத் தழும்பை மறைக்க வெயிலிலும் நீளக்கைச் சட்டை போடுவதைச் சொன்னார். புகுந்த வீட்டில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாதாம். கொஞ்ச நேரம் கச்சான் கோது நொறுங்குகிற சத்தம் மட்டும்.

இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் போலின் போஸ் 1970களிலிருந்து எழுதிவருகிறார். மரணமென்றால் சடங்கு உண்டு, அந்தியேட்டி உண்டு, முடிவு உண்டு. இதற்கு ஒன்றும் இல்லை. ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழ் எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, காணி, வங்கி அலுவல்களுக்கு உதவும். எடுக்கச் சொல்லி ஒருவரையும் நெருக்காதீர்கள். எடுப்பதும் விடுவதும் அவர் விருப்பம், பொட்டும் அப்படித்தான்.

எல்லாவற்றையும்விட ஒளித்து வைக்கிற கதை கடன். ஐந்தாறு பேர் ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கிற குழுக்கடன், கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில். ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுப்பார்கள். வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்துக் கட்ட முடியாமல் நின்ற ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களுக்கு 2018இல் அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது என்றால் நிலைமையை நீங்களே யோசியுங்கள். கடன் அறவிட வருகிற மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டதும் பிள்ளையிடம் "அம்மா இல்லை எண்டு சொல்லு" என்று அனுப்பிவிட்டு மாட்டுக் கொட்டிலுக்குள் நின்ற கதையை ஒருவர் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், ஏனென்றால் எல்லாரும் நின்றிருக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு வெளியே வந்தது.

நானும் பிழை விட்டிருக்கிறேன். ஒருவர் மனம் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது பழக்கதோஷத்தில் கொப்பியை எடுத்தேன். "இதையும் எழுதுறீங்களே?" என்றார், அதோடு கதை நின்றது. பிறகு இரண்டு மாதம் அவர் என் கண்ணில் படவே இல்லை. இப்போது ஆளாளுக்கு போனில் ரெக்கோட் பண்ணுகிறார்கள், உதவி கொடுக்கிற படத்தை முகநூலில் போடுகிறார்கள். ஒரு பெண் ஐந்து பேருக்கு நடுவில் சொன்னதை ஐயாயிரம் பேருக்கு முன் வைக்க அவரிடம் திரும்பவும் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் கேட்கக் கூடாது.

கேட்கிற உங்களுக்குத் தாங்க முடியாத ஒன்று வந்தால், உதாரணமாக "சாகலாம் போல இருக்கு" என்றால், பேச்சை மாற்றாதீர்கள், தனியே விடாதீர்கள். 1926க்கு அழைக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். வீட்டில் அடி என்றால் பெண்களுக்கான 1938 இருக்கிறது, ஆஸ்பத்திரிகள் பலவற்றில் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவும் நட்பு நிலையம் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அதற்காகக் கணவரை விட்டுப் பிரிய வேண்டும் என்று இல்லை. இது அநேகம் பேருக்குத் தெரியாது.

போன கிழமை முறிகண்டியில் இறங்கினேன். கச்சான் அக்கா கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார், கை மட்டும் தாச்சியில்தான். எப்படி இருக்கிறீங்கள் என்று கேட்க வாயெடுத்தேன், அவர் முந்திவிட்டார்.

"நீங்கள் நேற்றுக் காலமை எத்தினை மணிக்கு எழும்பினீங்கள் மிஸ்?"

"நாலரைக்கு."

அகப்பையால் ஒரு சுற்றுக் கிளறினார்.

"பிறகு?"