வழிமாற்று, பாதைப் பொருத்தம்: சர்வரின் இரண்டு வேலைகளுக்கு இரண்டு சொற்கள்

பர்லியாறு பக்கம் மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ குன்னூர் சாலையை மூடிவிடுவார்கள். மேட்டுப்பாளையத்தில் நிற்கும் போலீஸ்காரர், "கோத்தகிரி வழியாப் போங்க" என்று கையைக் காட்டுவார். வண்டியில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போன் போட்டு, "கோத்தகிரி வழியாத் திருப்பி விட்டுட்டாங்க, வர லேட்டாகும்" என்பார்கள். நீலகிரியில் ஒரு மழைக்காலத்தைப் பார்த்த எவருக்கும் இந்த வினைச்சொல் பழக்கம். வெப் சர்வரில், அதாவது கேட்பவருக்குத் தளத்தின் பக்கங்களை அனுப்பித் தரும் நிரலில், ‘ரீடைரக்ட்’ என்று சொல்கிறார்களே, அதற்கு நான் முதலில் எடுப்பதும் இந்தத் ‘திருப்பிவிடு’தான். பெயர்ச்சொல்லாக வேண்டும்போது ‘வழிமாற்று’.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். ‘ரீ’ என்றால் மறுபடி. ‘டைரக்ட்’ வந்தது ‘டிரிகெரே’ என்ற வினையிலிருந்து. அதன் உள்ளே ‘ரெகெரே’ இருக்கிறது. நேராக நடத்து, ஆள் என்று பொருள். ‘கரெக்ட்’ என்று நாம் நாள் முழுக்கச் சொல்வதும் அதே வேர். ஆக, மறுபடி நேர்வழியில் செலுத்துவதுதான் ரீடைரக்ட். ஏமாற்றுவதோ குழப்புவதோ அந்தச் சொல்லுக்குள் இல்லை. தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது இது முக்கியம்.

கணினிக்கு முன்பு இந்தச் சொல் அதிகம் புழங்கிய இடங்களில் ஒன்று தபால் நிலையம். வீடு மாறிப் போனவருக்கு ஒரு கடிதம் வந்தால், உறையில் பழைய முகவரியை அடித்துவிட்டுப் புதியதை எழுதி அனுப்பி வைப்பார்கள். அதுதான் தபாலில் ரீடைரக்ட். கடிதம் எழுதியவருக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது. வெப் சர்வர் செய்வது அப்படி அல்ல. கேட்டு வந்தவரிடமே, "அது இங்கே இல்லை, இந்த முகவரியில் போய்க் கேள்" என்று பதில் சொல்லி அனுப்பிவிடுகிறது. பிரவுசர் இரண்டாவது முறையாக, புது முகவரிக்கு, புதிதாக ஒரு கோரிக்கை அனுப்புகிறது. மேலே முகவரிப் பட்டையில் எழுத்து மாறுகிறது. சொல் ஒன்றுதான் என்றாலும் தபாலில் ஒரு பொருள், சர்வரில் வேறு பொருள். இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் பாக்கி எல்லாம் எளிது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலையின் தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர்களுடைய டீத்தூள் பாக்கெட்டின் பின்பக்கத்தில் தளத்தின் முகவரி அச்சாகியிருக்கும். அந்த முகவரியின் கடைசியில் ‘/தேயிலை’. தளத்தைப் புதுப்பித்தபோது பொருள்கள் எல்லாம் ‘/கடை/தேயிலை’ என்ற இடத்துக்குப் போய்விட்டன. சரி, அச்சாகிக் கடைக்குப் போன பாக்கெட்டை என்ன செய்வது? அந்தத் தளம் ஓடுவது அபாச்சி என்ற சர்வரில். அதன் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி போதும்: ‘ரீடைரக்ட் 301 /தேயிலை /கடை/தேயிலை’. யாராவது ‘/தேயிலை/சிடிசி’ என்று கேட்டு வந்தால், மீதி இருக்கும் ‘/சிடிசி’யையும் சேர்த்து ‘/கடை/தேயிலை/சிடிசி’ என்று அபாச்சியே சொல்லிவிடும். அதன் பதிலில் முதல் வரியில் 301 என்ற எண் இருக்கும். அடுத்து ‘லொகேஷன்’ என்ற தலைப்பில் புது முகவரி இருக்கும். பிரவுசருக்கு வேண்டியது இந்த இரண்டும்தான்.

எண் போடாமல் விட்டால் அபாச்சி 302 என்று எடுத்துக்கொள்ளும். எண்ணுக்கு எண் பொருள் மாறும். 301 என்றால் இனி எப்போதும் அங்கேதான். 302 என்றால் இப்போதைக்கு அங்கே. 301ஐப் பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும், அடுத்த தடவை சர்வரைக் கேட்காமலேயே புது இடத்துக்குப் போய்விடும். தவறான முகவரிக்கு 301 கொடுத்துவிட்டால், சர்வரில் திருத்திய பிறகும் வாடிக்கையாளரின் போனில் பழைய திருப்பம் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதனால் முதலில் 302 போட்டு எல்லாப் பக்கங்களையும் சோதித்துவிட்டு, அப்புறம் 301க்கு மாற்றுவதே பத்திரம்.

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைக்கு எச்டிடிபி என்று பெயர். 1996இல் வந்த எச்டிடிபி 1.0 விதிகளிலேயே 301ம் 302ம் உண்டு. படிவம் நிரப்பி அனுப்பும் ‘போஸ்ட்’ கோரிக்கைக்கு இந்தப் பதில் வந்தால், பிரவுசர்கள் அதைப் பக்கத்தை மட்டும் கேட்கும் சாதாரண ‘கெட்’ கோரிக்கையாக மாற்றிவிடுவது பழக்கமாகிவிட்டது. நிரப்பிய விவரம் வழியிலேயே போய்விடும். கோரிக்கையின் வகையை மாற்றாமல் அப்படியே கொண்டுபோக வேண்டும் என்றுதான் 1999இல் 307 சேர்ந்தது. அதன் நிலையான வடிவமான 308, 2015இல் முறையான விதியாயிற்று. 301, 308 இரண்டையும் ‘நிலையான வழிமாற்று’ என்றும், 302, 307 இரண்டையும் ‘தற்காலிக வழிமாற்று’ என்றும் சொல்லலாம். 303 தனி ரகம். அறை முன்பதிவுப் படிவத்தை வாங்கிக்கொண்டு, "முடிந்தது, விவரத்தை அந்தப் பக்கத்தில் பார்" என்று சொல்வது அது. பக்கத்தை மறுபடி ஏற்றினாலும் இரண்டாவது முன்பதிவு விழாது. ‘சீ அதர்’ என்ற அதன் ஆங்கிலப் பெயருக்கு நம் அகராதிகளில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: ‘காண்க’. அதையே 303க்கு வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ரீடைரக்ட்டுக்கு ‘திசைதிருப்பு’ என்று எழுதுபவர்கள் நிறைய. சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் தமிழில் திசைதிருப்புவது நல்ல காரியம் அல்ல. வழக்கைத் திசைதிருப்புவார்கள், மக்கள் கவனத்தைத் திசைதிருப்புவார்கள். பாக்கெட்டில் உள்ள முகவரியை நம்பி வந்தவரைச் சரியான பக்கத்தில் கொண்டு சேர்க்கும் வேலைக்கு இந்தப் பெயர் கூடாது. ‘மடைமாற்று’ அழகான சொல். வாய்க்கால் மடையிலிருந்து வந்தது. ஆனால் அதுவும் செய்தித்தாளில் நிதியை மடைமாற்றம் செய்தார்கள் என்று வந்து வந்து கறைபட்டுவிட்டது. ‘ஆற்றுப்படுத்து’ பொருளளவில் மிகவும் பொருந்தும். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரில் வரும் பாணனிடம் வள்ளல் இருக்கும் வழியைச் சொல்லி அனுப்புவதுதான் ஆற்றுப்படை. இங்கே ‘ஆறு’ என்றால் வழி. 301 செய்வதும் அச்சு அசலாக அதுதான். ஆனால் அந்தச் சொல் இன்று மனநல ஆலோசனைக்குப் போய்விட்டது. பள்ளியில் ஆற்றுப்படுத்துநர் என்றால் பிள்ளைகளிடம் பேசித் தேற்றுபவர். அங்கே நன்றாக வேரூன்றிய சொல்லைப் பிடுங்க வேண்டாம்.

‘வழிமாற்று’ தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்கெனவே நிலைத்த சொல். ஒரு தலைப்பைத் தேடி வேறு தலைப்பில் போய் நிற்கும்போது அங்கே நடப்பதை அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். தவறான வாடை எதுவும் இல்லை, வேறு சொல்லோடு சேர்ந்த தொடரிலும் உட்காரும்: வழிமாற்றுத் தொடர், வழிமாற்றுச் சுழல், வழிமாற்று எண். வாயால் சொல்லும்போது ‘திருப்பிவிடு’. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை.

அடுத்தது மேப்பிங், அதாவது கேட்டு வந்த பாதைக்கு எந்த நிரல் பதில் சொல்ல வேண்டும் என்று சர்வர் சேர்த்துப் பார்ப்பது. லத்தீனில் ‘மாப்பா’ என்றால் துணி, கைத்துண்டு. துணியில் உலகத்தை வரைந்ததால் ‘மாப்பா முண்டி’, உலகத் துணி, அதிலிருந்து ‘மேப்’. கணிதக்காரர்கள் அதை எடுத்து, ஒரு கணத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் இன்னொரு கணத்தில் ஓர் உறுப்பைக் காட்டுவதற்குப் பயன்படுத்தினார்கள். சர்வர்காரர்கள் எடுத்துக்கொண்டது கணிதத்தின் பொருளை. ஆகவே ‘பாதை வரைபடம்’ என்று மொழிபெயர்த்தால் தவறு. அங்கே படம் எதுவும் கிடையாது.

நம் தேர்வுத் தாளில் எத்தனை வருடமாக ‘பொருத்துக’ என்று ஒரு பகுதி வருகிறது! இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு, இதற்கு இது என்று சேர்க்க வேண்டும். மேப்பிங் என்பது வேறொன்றும் இல்லை. அதனால் ‘பாதைப் பொருத்தம்’ என்கிறேன். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் சார்பு படித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். அம்புக்குறிப் படத்தில் பல முன் உருக்களுக்கு ஒரே நிழல் உரு இருக்கலாம். ஒரே முன் உருவுக்கு இரண்டு நிழல் உரு கூடாது. சர்வரிலும் அதே சட்டம். பல பாதைகள் ஒரே நிரலுக்குப் போகலாம். ஒரே பாதை இரண்டு நிரலுக்குப் போக முடியாது, ஏதாவது ஒன்றைச் சர்வர் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுக்கிறது? ஜாவா செயலிகளை ஓட்டும் டாம்கேட் சர்வரை எடுத்துக்கொள்வோம். செயலியின் ‘வெப் எக்ஸ்எம்எல்’ கோப்பில் எந்தப் பாதை எந்த செர்வ்லெட்டுக்கு (கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரலுக்கு) என்று எழுதி வைப்போம். கோரிக்கை வந்ததும் டாம்கேட் முதலில் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் பாதை இருக்கிறதா என்று பார்க்கும். ‘/உதகை/அறைகள்’ என்றே எழுதியிருந்தால் அதுதான் வெல்லும். இல்லையென்றால் ‘/உதகை/*’ போல முன்பகுதி ஒத்துப்போகும் பாதைகளில் மிக நீளமானதை எடுக்கும். அதுவும் இல்லையென்றால் ‘*.ஜேஎஸ்பி’ (ஜாவாவில் எழுதும் ஒரு வகைப் பக்கம்) போல வால் பகுதியைப் பார்க்கும். எதுவும் தேறவில்லை என்றால் கடைசியாக, வெறும் ‘/’ என்று எழுதிய இயல்பு செர்வ்லெட். கோப்பில் எதை முதலில் எழுதினோம் என்பது இங்கே பொருட்டே இல்லை. அபாச்சியின் ரீடைரக்ட் வரிகளில் அப்படி இல்லை, முதலில் ஒத்துப்போன வரியே செல்லும். அதனால் குறிப்பான பாதையை மேலேயும் பொதுவான பாதையைக் கீழேயும் எழுத வேண்டும். ஒரு சர்வரில் பழகிய கை இன்னொன்றில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

‘/*’ என்பதற்கும் ‘/’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பார்க்க ஒரு நட்சத்திரம்தான் கூடுதல். ஆனால் ‘/*’ முன்பகுதிப் பொருத்தம். வால் பகுதியைப் பார்க்கும் முறை வருவதற்குள் எல்லாவற்றையும் அதுவே பிடித்துக்கொள்ளும், ஜேஎஸ்பி பக்கங்கள் உட்பட. ‘/’ மற்ற யாரும் எடுக்காததை மட்டும் எடுக்கும்.

பொருத்தத்தில் பிரவுசருக்கு எதுவும் தெரியாது. முகவரி மாறாது, இரண்டாவது கோரிக்கை கிடையாது. அபாச்சியிலும் என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வரிலும் ஒரு பாதைக்கு வேறு இடத்தில் உள்ள கோப்பைக் காட்டும் ‘அலியஸ்’ இந்தக் குடும்பம். லத்தீனில் ‘வேறு வேளையில்’, ‘வேறு விதமாக’ என்று பொருள்படும் சொல் அது. தமிழில் ‘மாற்றுப்பெயர்’ போதும். ஜாவா செர்வ்லெட்டுக்குள் ‘ஃபார்வர்ட்’ என்றால் சர்வருக்குள்ளேயே கைமாற்றுவது. ‘செண்ட்ரீடைரக்ட்’ என்றால் பிரவுசரைத் திருப்பிவிடுவது, அது வழக்கமாக 302ஐ அனுப்பும். தபால் நிலையத்தின் ரீடைரக்ட்டுக்கு உண்மையில் ஃபார்வர்ட்தான் நெருங்கிய உறவு.

எப்போது எது? ரயில் நிலையத்தின் பெயர் உதகமண்டலம், பஸ் பலகையில் உதகை, வெளியூர்க்காரர் தேடுவது ஊட்டி. ஒரு விடுதியின் தளத்தில் மூன்று பெயரிலும் பாதை வைக்க நேர்கிறது. மூன்றையும் மாற்றுப்பெயராக வைத்தால் ஒரே பக்கம் மூன்று முகவரியில் கிடைக்கும். தேடுபொறி எதை எடுப்பது என்று குழம்பும். இந்த இடத்தில் ‘/உதகை’ ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் 301 கொடுத்துத் திருப்பிவிடுவதுதான் சரி. தமிழிலேயே பாதை வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் நகலெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் ‘உதகை’ என்ற சொல் 36 குறிகளாக நீண்டுவிடலாம். யூனிகோடில் அது 4 குறியீடு (‘கை’ மட்டும் இரண்டு). அந்தக் குறியீடுகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்து. பயப்பட ஒன்றுமில்லை, சர்வர் அதைப் பிரித்துத் தமிழாகவே படித்துக்கொள்ளும்.

வழிமாற்றுத் தொடர் என்பது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து வேறொன்றுக்கு என்று திருப்பிக்கொண்டே போவது. ஒவ்வொரு திருப்பமும் சர்வருக்கு இன்னொரு தடவை போய்வருவது. கோவையில் இது தெரியாது. குந்தாப் பக்கப் பள்ளத்தாக்கில் சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும்போது நன்றாகத் தெரியும். தொடர் கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வந்தால் அது சுழல். முன்னால் நின்று கோரிக்கையை வாங்கி உள்ளே தரும் ப்ராக்சி, பூட்டி வரும் எச்டிடிபிஎஸ்ஸை அவிழ்த்துவிட்டுச் சாதாரண எச்டிடிபியாக உள்ளே அனுப்ப, உள்ளே இருக்கும் செயலி "எச்டிடிபிஎஸ்ஸில் வா" என்று திருப்பிவிட, மறுபடி அதே. சுமார் 20 திருப்பத்துக்குப் பிறகு பிரவுசர் கைவிட்டுவிடும். வெளியே எந்த முறையில் வந்தது என்று ப்ராக்சி ஒரு தலைப்பில் சொல்லி, செயலி அதை நம்பும்படி அமைத்தால் சுழல் நிற்கும்.

கடைசியாக, ‘ஓபன் ரீடைரக்ட்’. ‘திறந்த வழிமாற்று’ என்றால் ஏதோ நல்லது போலத் தொனிக்கிறது. நான் ‘காவலற்ற வழிமாற்று’ என்கிறேன். போக வேண்டிய முகவரியை இணைப்பிலேயே வாங்கிக்கொண்டு, சோதிக்காமல் அப்படியே திருப்பிவிடும் பக்கம் அது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளில் வர, இணையத்தில் எடுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. அதற்குக் கட்டணம் கிடையாது. உங்கள் விடுதித் தளத்தில் இப்படி ஒரு பக்கம் இருந்தால், உங்கள் பெயரில் தொடங்கும் இணைப்பை ஒருவன் அனுப்பி, பணம் கேட்கும் போலி இ-பாஸ் பக்கத்தில் விருந்தினரைக் கொண்டுபோய் நிறுத்த முடியும். தெரிந்த முகவரிகளின் பட்டியல் ஒன்றை வைத்து, அதில் உள்ளதற்கு மட்டும் திருப்பிவிடுங்கள். சாய்கோட்டில் (‘/’) தொடங்குகிறதா என்று மட்டும் பார்த்து உள்தளப் பாதை என்று நம்பிவிடக் கூடாது; இரண்டு சாய்கோட்டில் தொடங்கினால் பிரவுசர் அதை வேறொரு தளத்தின் பெயராக எடுத்துக்கொள்ளும்.