பிராசசரை மாற்றலாமா, சிஸ்டத்தையே மாற்றலாமா?

சென்னையின் கம்ப்யூட்டர் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் ‘இதைவிட ஸ்பீடா ஒரு பிராசசர் குடுங்க’ என்று கேட்பதற்கு முன், வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த வேலையில் கம்ப்யூட்டர் திணறுகிறதோ அதையே ஓடவிட்டு, பர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, பிராசசர் 20 சதவீதத்தில் சும்மா கிடந்தால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கும். படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர்ந்து, தேவையான இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க, சராசரியாக 12 மில்லி விநாடி போய்விடும். அப்படியென்றால் விநாடிக்கு 80 தேடல்தான். ஒவ்வொன்றும் 4 கேபி துண்டு என்றால் விநாடிக்கு 320 கேபி! விண்டோஸ் திறக்கும்போது படிப்பதில் பெரும்பகுதி இப்படிச் சிதறிய சின்னத் துண்டுகள். 60 விநாடியில் முடியும் ஒரு வேலையில் 40 விநாடி டிஸ்குக்காகக் காத்திருப்பு என்று வையுங்கள். பிராசசர் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் 50 விநாடி ஆகும். சுழலும் தட்டே இல்லாத, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி போட்டு அந்த 40-ஐ 5 ஆக்கினால் 25 விநாடியில் முடிந்துவிடும். ரேம் என்னும் தற்காலிக நினைவகம் நிரம்பி வழிந்தாலும் சுமை டிஸ்கின் தலையில்தான் விழுகிறது. 4 ஜிபி ரேமோடு பிரவுசர் திறப்பவர்களுக்கு இது தெரிந்த அவஸ்தை.

இன்னொரு கணக்கு பலரை ஏமாற்றும். கோர் என்பது பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதி, த்ரெட் என்பது அதில் ஓடும் வேலை வரிசை. 2 கோரில் கோருக்கு இரண்டாக நான்கு த்ரெட் கொண்ட பழைய இன்டெல் ஐ3-யில் பிராசசர் பயன்பாடு 25 சதவீதத்தை ஒட்டியே நிற்கும், வேலை மட்டும் நகராது. அந்த மென்பொருள் ஒரே த்ரெட்டில் ஓடுகிறது என்று அர்த்தம். நான்கில் ஒன்று முழுக்க மூச்சு வாங்குகிறது. இதற்கு அதிக கோர் வாங்கிப் பயனில்லை. ஐ3-3220 ஓடுவது 3.3 கிகாஹெர்ட்ஸில். அதே தலைமுறையின் ஐ7-3770 உச்சத்தில் 3.9. கிடைப்பது 18 சதவீதம், அவ்வளவுதான். மாறாக, கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போது நான்கு த்ரெட்டும் 100-ஐத் தொட்டால், 2 கோரிலிருந்து 4 கோருக்குப் போவது நன்றாகவே தெரியும்.

அப்போதும் மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட் சம்மதிக்க வேண்டும். 1155 சாக்கெட்டில் இன்டெலின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை மட்டுமே உட்காரும். 1151-இல்தான் பொறி இருக்கிறது: 2015-இல் வந்த ஆறாம் தலைமுறைக்கும் 2017 கடைசியில் வந்த எட்டாம் தலைமுறைக்கும் பெயர் ஒன்றே, பின் (இணைப்பு ஊசி) எண்ணிக்கையும் ஒன்றே, ஆனால் எட்டாம் தலைமுறைக்கு, போர்டின் மற்ற பாகங்களைப் பிராசசரோடு இணைக்கும் சிப்செட் 300 வரிசையாக இருக்க வேண்டும். பழைய 100 வரிசையைச் சேர்ந்த எச்110 போர்டில் ஐ5-8400 கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் ஆன் ஆகாது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் இந்த விஷயத்தில் தாராளம். 2017-இன் பல போர்டுகளில் பயாஸ் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பித்தால் ரைசன் 5000 வரிசை ஓடும். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பியுங்கள். கழற்றிய பிறகு வழி இல்லாமல் போகலாம். கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்கள் ரைசன் 5 5600 வாங்கினால் மானிட்டர் கறுப்பாகவே இருக்கும். அவர்களுக்கு வேண்டியது கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் 5600ஜி.

சென்னையில் வெப்பத்தையும் பார்த்துவிட வேண்டும். பிராசசர் மேல் உட்காரும் உலோக ஹீட் சிங்க் அதை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது; அதற்கு மேல் எவ்வளவு ஏறுகிறது என்பதைத்தான் அது கட்டுப்படுத்தும். 25 டிகிரி ஏசி அறையில் 80 காட்டுவது, 36 டிகிரி மே மாத மதியத்தில் 91 காட்டும். 100 டிகிரியை ஒட்டி வந்ததும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஹீட் சிங்கின் துடுப்புகளில் பஞ்சு போல் அடைத்த தூசியும், அதற்கும் பிராசசருக்கும் இடையே வெப்பம் கடத்தப் பூசி, காய்ந்து மண்ணான பேஸ்டும் இதை விரைவுபடுத்தும். பிரஷ்ஷால் தட்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தால் இழந்த வேகம் பல சமயம் அப்படியே திரும்பும்.

ஏஎம்4 கூலரை (ஹீட் சிங்கும் விசிறியும்) கழற்றும்போது நேராக இழுக்கக் கூடாது. இறுகிய பேஸ்ட் பிராசசரையே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை இலேசாக இடவலம் திருகி எடுங்கள். இன்டெலில் பின்கள் மதர்போர்டில் இருப்பதால் அங்கே விரல் படக் கூடாது. மாற்றிய பிறகு டிஸ்பிளே வராவிட்டால் பதறாமல் முதலில் ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற முனைகளை அழிரப்பரால் தேய்த்துப் போடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர் பட்டியலில் இருப்பது, ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக, இன்டெல் எட்டாம் தலைமுறையும் ரைசன் 2000-மும் அவற்றுக்குப் பிந்தியவையும். ஆகவே முதல் தலைமுறை ரைசன் வைத்திருப்பவர் பிராசசரை மட்டும் மாற்றித் தப்பிக்கலாம். 1155, 1150 சாக்கெட்காரர்கள் எந்த ஐ7 போட்டாலும் முடியாது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போதும் என்றால் ஒரு எஸ்எஸ்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் மாற்றியாக வேண்டும், அது புது சிஸ்டம்தான். பழையதிலிருக்கும் டிடிஆர்3 வகை ரேம் அதற்குள் போகாது. கேபினெட்டும், அதற்குள் வாங்கியிருந்தால் எஸ்எஸ்டியும் போகும்.