டெஸ்ட் தேடும் கோப்பு எங்கே இருக்க வேண்டும்?

ஒகேனக்கலுக்குச் சற்று மேலே, மாநில எல்லையில் இருக்கிறது பிலிகுண்டுலு. கர்நாடகத்திலிருந்து வரும் காவிரி நீரை மத்திய நீர் ஆணையம் அங்கேதான் அளக்கிறது. ஓசூரில் ஒருவர், தினசரி நீர்வரத்தை ஒரு சிஎஸ்வி கோப்பிலிருந்து (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு) படித்து மாதத்துக்கு எத்தனை டிஎம்சி என்று கூட்டும் நிரலை எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். கூட்டல் சரியா என்று தானாகச் சோதிக்க டெஸ்ட்டும் எழுதுகிறார்.

வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஏறத்தாழ ஒரு டிஎம்சி. பத்து வரியிலும் 11,574 என்றிருக்கும் கோப்பைக் கொடுத்தால் விடை 10 வர வேண்டும். நுணுக்கமாகப் பார்த்தால் 9.99994தான், அந்தச் சிறு வித்தியாசத்தை டெஸ்ட் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கோப்பில் ஒரு நாளைக் காலியாக விடலாம். அளவே பதிவாகாத நாளும் தண்ணீர் வராத நாளும் ஒன்றாகுமா? காலியிடத்தை நிரல் பூஜ்யமாக எடுத்துக்கொண்டால் மாதக் கணக்கே தப்பு. இப்படி விடை முன்பே தெரிந்த, வேண்டுமென்றே வம்பு பண்ணுகிற சின்னக் கோப்புகள்தான் என் பார்வையில் நல்ல சோதனைத் தரவு.

சரி, மடிக்கணினியில் எல்லா டெஸ்ட்டும் பாஸ். நிரலைக் கிட்டில் (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி) ஏற்றியதும், டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டிப் பார்க்கும் சர்வரில் ஃபெயில்: கோப்பைக் காணோம். டெஸ்க்டாப் வரை முழுப் பாதையையும் எழுதியிருந்தால் இது நடந்தே தீரும். 'தரவு/வரத்து.சிஎஸ்வி' என்று சுருக்கினாலும் போதாது. கட்டளை கொடுத்தபோது எந்த ஃபோல்டரில் இருந்தோமோ, அங்கிருந்துதான் கணினி அதைத் தேடும். ஃபோல்டர் மாறினால் அதே டெஸ்ட் தோற்கும்.

தரவு நிரலுக்குப் பக்கத்திலேயே இருந்து, டெஸ்ட் தன் இடத்திலிருந்தே அதைத் தேடினால் இந்தத் தொல்லை இல்லை. பைத்தானில் '__ஃபைல்__' அந்த இடத்தைச் சொல்லும். கோ மொழியில் டெஸ்ட் தன் பேக்கேஜ் ஃபோல்டரிலிருந்தே ஓடும். உள்ளே 'டெஸ்ட்டேட்டா' என்று ஒரு ஃபோல்டர் வைத்தால் கோ கருவி அதை நிரலாக எண்ணாமல் விட்டுவிடும். ஜாவாவில் நிரலைக் கட்டித் தரும் கருவியான மேவன், டெஸ்ட்டுக்கான ரிசோர்சஸ் ஃபோல்டரைக் கிளாஸ்பாத்தில், அதாவது ஜாவா கோப்புகளைத் தேடும் இடங்களின் பட்டியலில், சேர்த்துக் கொடுக்கும்.

அப்புறமும் காணவில்லையா? எதையெல்லாம் ஏற்றக் கூடாது என்று கிட்டுக்குச் சொல்லும் கிட்இக்னோர் கோப்பைப் பாருங்கள். சிஎஸ்வி எதையும் ஏற்றாதே என்று யாராவது அதில் எழுதி வைத்திருந்தால், கோப்பு மடிக்கணினியை விட்டே கிளம்பியிருக்காது. ஆங்கிலப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறியிருந்தால் விண்டோஸ் பொதுவாகக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது.

நிரல் கோப்பைத் திருத்தி எழுதுகிறது என்றால், மூலத்தை அதன் கையில் கொடுக்கவே கூடாது. ஒரு டெஸ்ட் மாற்றிய எண்ணை அடுத்த டெஸ்ட் படித்து, காரணமில்லாமல் தோற்கும். பைத்தானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்ட்டில் 'டிஎம்பி_பாத்' ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் புதிதாக ஒரு தற்காலிக ஃபோல்டர் தரும். அதில் ஒரு நகலைப் போட்டு வேலை வாங்கலாம்.