குல்ட்டூர்ஹோஹைட்: பண்பாட்டு ஆட்சியுரிமை

ஜெர்மனியில் ஏன் நம்மூர் மாதிரி மத்தியக் கல்வி வாரியம் இல்லை, மத்திய அரசு நடத்தும் உள்நாட்டுத் தொலைக்காட்சி இல்லை என்று கேட்டால், பதில் 'குல்ட்டூர்ஹோஹைட்' என்ற இந்த ஒரு ஜெர்மன் சொல்லில் இருக்கிறது. 'குல்ட்டூர்' என்றால் பண்பாடு. 'ஹோஹைட்' என்பது 'ஹோஹ்', அதாவது உயரம் என்ற சொல்லிலிருந்து வந்தது. இளவரசர்களை விளிக்கும் 'மேன்மை தங்கிய'வும் அதுதான், ஆளும் அதிகாரமும் அதுதான். இரண்டும் சேர்ந்து, பண்பாட்டில் கடைசி வார்த்தை மாநிலங்களுடையது என்று பொருள் தருகிறது.

வேடிக்கை என்னவென்றால், 1949 அரசியல் சட்டத்தில் இந்தச் சொல்லே கிடையாது. மத்திய அரசுக்கு என்று எழுதித் தராத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கே என்கிறது 30ஆம் பிரிவு. அவ்வளவுதான். காரணம் ஊகிக்கக் கடினமல்ல: 1933இல் ஹிட்லரின் அமைச்சர் கோயபல்ஸ் பிரச்சார அமைச்சகத்தையும் கலைஞர்களைக் கட்டிப்போட்ட பண்பாட்டு மன்றத்தையும் பெர்லினிலிருந்து நடத்திய அனுபவம் அப்போது இன்னும் ஆறவில்லை.

சொல்லுக்கு உண்மையான பலப்பரீட்சை 1961இல் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு சான்சலர் (நம்மூர் பிரதமர் மாதிரி) அடெனாவர் மத்திய அரசின் பிடியில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் தொடங்கினார். மாநிலங்கள் சேர மறுத்தபோது, அவற்றின் சார்பிலும் ஒரு மத்திய அமைச்சரையே பங்குதாரராகக் கையெழுத்துப் போடவைத்தார். துணிச்சல்தான்! மாநிலங்கள் வழக்குக்குப் போயின. 1961 பிப்ரவரி 28 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம், ஒளிபரப்பு மாநிலங்களின் விஷயம் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு தவறு என்று அமைச்சரவை ஒருமனதாக முடிவுசெய்ததாக அடெனாவர் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். ஆனாலும் கட்டுப்பட்டார். அப்புறம் மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு இசட்.டி.எஃப். அலைவரிசையை உருவாக்கின. 1963இல் ஒளிபரப்பு தொடங்கியது.

தமிழில் என்ன சொல்வது? 'கலாச்சார இறையாண்மை' என்ற நேர்பெயர்ப்பு சரிவராது. இறையாண்மை என்றதும் தனிநாடு நினைவுக்கு வரும், இது அதுவல்ல. 'மாநில சுயாட்சி'யும் பொருந்தாது. நம்மிடம் அது இன்னும் கோரிக்கை, அங்கே இது நடைமுறை. 'பண்பாட்டு ஆட்சியுரிமை' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரு எச்சரிக்கை: இங்கே 'பண்பாடு' என்பதில் பள்ளியும் பல்கலைக்கழகமும் அடக்கம். ஜெர்மன் மாநிலத்தில் 'குல்ட்டுஸ்' அமைச்சர் என்றால் பெரும்பாலும் கல்வி அமைச்சர்தான். இந்தியாவில் 1976இல் 42ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றியதை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று புரியும்.

இந்த உரிமைக்குச் செலவும் உண்டு. இன்று 16 ஆக இருக்கும் மாநிலங்கள் ஒத்துப்போக, அவற்றின் கல்வி, பண்பாட்டு அமைச்சர்கள் மாநாடு 1948இலிருந்தே கூடுகிறது. பாடத்திட்டம் மாறுபடுவதால் மாநிலம் மாறும் குடும்பங்களின் பிள்ளைகள் திண்டாடுகிறார்கள். மத்திய அரசும் சும்மா இல்லை: 1998இல் சான்சலர் ஷ்ரோடர் பண்பாட்டுக்கு ஒருவரை நியமித்தார். அவருக்குத் தனி அமைச்சகம் தரவில்லை, சான்சலர் அலுவலகத்திலேயே இடம் ஒதுக்கினார்.