காதில் சிக்கியதை வீட்டில் நெம்பி எடுக்காதீர்கள்

சம்பா வயலில் தெளித்த உளுந்தும் பச்சைப்பயறும் பங்குனி, சித்திரையில் களத்துக்கு வரும்போது, டெல்டாவின் காது மூக்கு தொண்டை மருத்துவர்களிடம் அந்தப் பயறுகளைக் காதிலோ மூக்கிலோ போட்டுக்கொண்ட சிறு பிள்ளைகளும் வருவார்கள். பயறு தானாக உள்ளே போனதைவிட, "ஊக்கால நெம்பிப் பாத்தோம் டாக்டர், இன்னும் உள்ள போயிடுச்சு" என்று பெற்றோர் சொல்வதுதான் எனக்கு அதிகக் கவலையைத் தருகிறது.

கல்லை நெம்புவதற்குக் கடப்பாரையின் முனை கல்லுக்கு அடியில் நுழைய இடம் வேண்டும். கடப்பாரை ஊன்றிக்கொள்ள உறுதியான ஆதாரமும் வேண்டும். காதுக்குழாயில் இரண்டுமே கிடையாது. பெரியவர்களுக்கே அதன் நீளம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர்தான். அதன் உட்பகுதியில் எலும்பின் மேல் மிக மெல்லிய தோல் மட்டுமே ஒட்டியிருக்கும். ஊக்கையோ கொண்டை ஊசியையோ விட்டு நெம்புகிறவர், தம்மை அறியாமல் அந்தத் தோலைத்தான் ஆதாரமாக ஊன்றுகிறார். அதனால் முதலில் கிழிந்து இரத்தம் கசிவது அந்தத் தோல்தான். வலி பொறுக்காமல் பிள்ளை தலையைத் திருப்பும்போது, பயறு குழாயின் குறுகலான இடத்தைத் தாண்டிச் செவிப்பறையை ஒட்டிப் போய்ச் சேர்ந்துவிடும். செவிப்பறையின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், ஊக்கு முனை அதைத் துளைப்பதற்குப் பெரிய பலம் எதுவும் தேவையில்லை. அதற்கு அப்பால்தான் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் சிற்றெலும்புகள் இருக்கின்றன. அங்கவடி இடம் பெயர்ந்தால் கேட்கும் திறன் குறைவதோடு கடுமையான தலைசுற்றலும் வரலாம்.

நாங்கள் எடுக்கும்போதும் வெளியிலிருந்து பிடித்து இழுப்பதில்லை. வழவழப்பான உருண்டைப் பொருளை இடுக்கியால் பிடித்தால் அது வழுக்கி உள்ளேதான் போகும். வெளிச்சத்திலோ நுண்ணோக்கியிலோ பார்த்துக்கொண்டு, முனை வளைந்த மெல்லிய கொக்கியைப் பயறுக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையில் தெரியும் சிறு சந்தின் வழியாக அனுப்பி, அது பயறைத் தாண்டிய பிறகு முனையைத் திருப்பி, பின்னாலிருந்து மெதுவாக வெளியே கொண்டுவருகிறோம். பிள்ளை அசையாமல் இருந்தால் சில நொடிகளில் முடிந்துவிடும் வேலை இது. வீட்டில் நெம்பிக் குழாய் வீங்கிவிட்டால் அந்தச் சந்தும் மூடிக்கொள்ளும். பிறகு மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க நேரிடும்.

பயறோ நெல்லோ இருக்கும் காதில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது ஊறிப் பருத்து இறுகிக்கொள்ளும். உயிருள்ள பூச்சியாக இருந்தால் செய்ய வேண்டியது வேறு. ஐப்பசி மாதத்தில் விளக்கைச் சுற்றிக் கூட்டமாக மொய்க்கும் பச்சைத் தத்துப்பூச்சி காதுக்குள் நுழைந்து படபடத்தால், சூடோ குளிர்ச்சியோ இல்லாத தேங்காய் எண்ணெயைச் சில சொட்டு விடலாம். பூச்சி இறந்து துடிப்பு அடங்கும். ஆனால் செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களுக்கும், காதில் சீழ் வடிகிறவர்களுக்கும், காது அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் எதையும் விடக் கூடாது. இறந்த பூச்சியையும் மருத்துவரிடம் காட்டி எடுத்துவிடுங்கள்.

பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பட்டன் பேட்டரி காதிலோ மூக்கிலோ போய்விட்டால் இரவு என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும். சில மணி நேரத்திலேயே அது சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். எந்தச் சொட்டு மருந்தும் விடாதீர்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. வண்டி வசதி இல்லாதவர்கள் 108-ஐ அழைக்கலாம்.

பிள்ளைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்துடன் சளி வடிந்தால், உள்ளே ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். தொண்டையில் கெண்டை முள் குத்தினால் விரலை விட்டு நெம்புவதும், சோற்று உருண்டையை விழுங்கித் தள்ளுவதும் முள்ளை இன்னும் ஆழமாகத்தான் இறக்கும்.

வீட்டில் ஏற்கெனவே நெம்பிப் பார்த்திருந்தால், திட்டு விழும் என்று அஞ்சி மறைக்காதீர்கள். எதை உள்ளே விட்டீர்கள், இரத்தம் வந்ததா, பிள்ளைக்குத் தலைசுற்றல் இருந்ததா என்று தெரிந்தால்தான், கொக்கியை எடுப்பதா, முதலில் மயக்க மருந்து மருத்துவரை அழைப்பதா என்று எங்களால் முடிவு செய்ய முடியும்.