கீசரை மதியம் போடுங்கள்

பழைய மீட்டருக்குத் தெரிந்ததெல்லாம் மொத்தம் எத்தனை யூனிட் ஓடியது என்பது மட்டும்தான். அது நடுப்பகலில் ஓடியதா, எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் விளக்கும் ஏசியும் போடும் மாலை ஏழு மணிக்கு ஓடியதா என்று கேட்டால் பதில் கிடையாது. ஸ்மார்ட் மீட்டர் 15 நிமிடத்துக்கோ அரை மணிக்கோ ஒருமுறை கணக்கெடுத்து மின் நிறுவனத்துக்கு அனுப்பிவிடும். மற்றபடி, மீட்டரை மாற்றினாலே பில் குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, நேரம் தெரிந்து என்ன ஆகப்போகிறது? மின்சாரத்தைக் கம்பிக்குள் சேர்த்துவைக்க முடியாது, உற்பத்தியும் தேவையும் நொடிக்கு நொடி ஒத்துப்போக வேண்டும். தேவை திடீரென்று கூடினால் ஜெனரேட்டர்களின் வேகம் லேசாகக் குறைந்து, 50 ஹெர்ட்ஸில் (சில நாடுகளில் 60) நிற்க வேண்டிய அதிர்வெண் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு) இறங்கும், உடனே எங்கோ ஒரு மின்நிலையம் கூடுதலாக உற்பத்தி செய்தாக வேண்டும். எரிவாயு நிலையம் சொன்னால் கேட்கும். சூரியன் கேட்காது. மதியம் அள்ளிக் கொடுக்கும் சோலார் பேனல்கள், மாலையில் தேவை ஏற ஏறப் படுத்துவிடும். மதிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் பேனல்களின் உற்பத்தியைக் குறைக்கச் சொல்வதுகூட நடக்கிறது. சோலார் பெருகிய இடங்களில் மதியக் கட்டணம் மலிவாகவும் மாலைக் கட்டணம் அதிகமாகவும் வைப்பது இதனால்தான்.

அதற்காகப் போன் சார்ஜரையெல்லாம் பிடுங்கிவைத்துக் கஷ்டப்பட வேண்டாம். 9 வாட் எல்இடி பல்பை ஒரு மணி நேரம் முன்னதாக அணைத்தால் யூனிட்டில் நூறில் ஒரு பங்குகூட மிச்சமாகாது. கீசர்தான் விஷயம். 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய நாலு யூனிட் வேண்டும், அதாவது 2 கிலோவாட் கீசர் இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். தொட்டிக்கு நல்ல வெப்பக்காப்பு இருந்தால் மதியம் காய்ச்சிய தண்ணீர் ராத்திரி குளிக்கும்போதும் சூடாகவே இருக்கும். பேட்டரி வாங்காமலேயே நாலு யூனிட் வெயிலைச் சேமித்தாயிற்று!

அப்புறம் மின்சார கார். வீட்டுச் சார்ஜர் 7 கிலோவாட் வரை இழுக்கும், மூன்று கீசரை ஒன்றாகப் போட்டதைவிட அதிகம். வேலை முடிந்து வந்ததும் மாட்டினாலும் வண்டி காலையில்தானே வேண்டும், அதனால் ஊர் தூங்கியபின் வரும் மலிவு நேரத்துக்காகக் காத்திருக்கச் சொல்லிவிடலாம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கட்டணம் குறையும் அதே நொடியில் ஊரிலுள்ள எல்லாச் சார்ஜர்களும் விழித்துக்கொண்டால் அதுவே புதிய உச்சமாகிவிடும். பிரிட்டனில் 2022 முதல் விற்கப்படும் வீட்டுச் சார்ஜர்கள், ஒன்றோடொன்று மோதாமலிருக்க, 10 நிமிடம் வரை ஏதாவது ஒரு தாமதத்தைத் தாங்களாகவே போட்டுக்கொண்டு தொடங்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.